எத்தனை மணிக்கு இறக்குவீங்க?

பக்கத்து பேக்கரியில் ஒரு பெட்டி டார்க் சாக்லேட் வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தேன். தினமும் எடுத்து ஒன்று தின்றுவிட்டு மறுபடி உள்ளே வைப்பேன். நாலாம் நாள் பார்த்தால் மேலே சாம்பல் பூசினது போல வெள்ளை படர்ந்திருந்தது. பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று பெட்டியோடு கடைக்குப் போய்விட்டேன்.

சாக்லேட் செய்கிற அம்மாவே வெளியே வந்தார். ஒரு துண்டை எடுத்து விரலால் தடவினார். "சொரசொரன்னு இருக்கு பாருங்க, இது சர்க்கரை. ஃபிரிட்ஜை விட்டு வெளியே எடுத்ததும் மேலே வேர்த்திருக்கும். அந்த ஈரத்துல சர்க்கரை கரைஞ்சு, காய்ஞ்சதும் வெள்ளையா பூத்திருக்கு. சூட்டுல இளகி இறுகினா வழவழன்னு வெளுக்கும், அது கோகோ வெண்ணெய். ரெண்டுமே கெட்டுப்போனது இல்லை."

அப்புறம் புதுசாக ஒரு துண்டை என் காதருகே ஒடித்துக் காட்டினார். 'டக்'கென்று சத்தம். 45 டிகிரிக்கு மேல் உருக்கி, 28 வரை ஆறவிட்டு, திரும்ப 31, 32க்குக் கொண்டுவந்தால்தான் இந்தப் பளபளப்பும் இந்தச் சத்தமும் வருமாம். கோகோ வெண்ணெய் கிட்டத்தட்ட 34 டிகிரியில் உருகும். நம் உடம்புச் சூடு அதைவிடக் கொஞ்சம் கூடுதல். நாக்கில் வைத்ததும் கரைவது அதனால்தான். ஃபிரிட்ஜிலிருந்து சில்லென்று எடுத்துத் தின்றபோது இந்தச் சுகத்தைத்தான் இழந்திருக்கிறேன்.

அன்றிலிருந்து எதை வாங்கினாலும், செய்கிறவர்களிடம் கேட்காமல் வாங்குவதில்லை. முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு இறக்குவீங்க?"

குரோசான் என்கிற அடுக்கடுக்கான வெண்ணெய் ரொட்டிக்கு அப்படித்தான் ஒருநாள் விடியலில் போய் நின்றேன். தட்டு வெளியே வந்ததும் கை நீட்டினால், "கால் மணி நேரம் பொறுங்க, உள்ளே இன்னும் அடங்கலை" என்றார் மாஸ்டர். காத்திருந்தது வீண் போகவில்லை. கடித்ததும் மேல் ஓடு சருகாக நொறுங்கிச் சட்டையெல்லாம் உதிர்ந்தது. பிட்டுப் பார்த்தால் உள்ளே தேனடை மாதிரி கண் கண்ணாக அறைகள். மாவுக்கு நடுவே வெண்ணெயை வைத்து மும்மடிப்பாக மூன்று தடவை மடிக்கிறார்கள். வெண்ணெய் மட்டும் 27 அடுக்கு! சூடு ஏறும்போது மாவிலும் வெண்ணெயிலும் இருக்கிற நீர் ஆவியாகி ஒவ்வொரு அடுக்கையும் தூக்கிவிடுகிறது.

மிஞ்சினால் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், அங்கேதான் சீக்கிரம் வறண்டுபோகும். மறுநாள் ஓவனில் 160 டிகிரியில் ஐந்து நிமிஷம் காட்டினால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். மைக்ரோவேவ் வேண்டாம், ரப்பராகிவிடும்.

கிரீம் பஃப் நேர்மாறு. அதைக் குளிரில்தான் வைக்க வேண்டும், ஆனால் வைக்க வைக்க ஓடு ஊறிப்போகும். கேட்ட பிறகு கிரீம் நிரப்பித் தருகிற கடை கிடைத்தால் விடாதீர்கள்.

நாளைக் காலை ஏழு மணிக்குச் சாக்லேட் வைத்த குரோசான் இறக்குகிறார்களாம். இரண்டு எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.