புதுப்பிப்பு: அந்தக் கரி கேப்ஸ்யூல் விஷயம்

மூன்று மாதம் முன்பு இங்கே கேட்டிருந்தேன்: எனக்குப் பல சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, உப்புசம், தோலில் தடிப்பு, "நச்சை மென்மையாகப் பிடித்து வெளியேற்றும்" என்று விற்கும் கரி கேப்ஸ்யூலை எடுக்கலாமா என்று. பாதிப் பேர் வேண்டாம் என்றீர்கள். நான் கேட்கவில்லை.

முதல் வாரமே மலச்சிக்கல், மலம் கன்னங்கரேல். ஒருநாள் கேப்ஸ்யூல் உடைந்து வாஷ்பேசின் முழுக்கக் கருமை. தேய்த்துத் தேய்த்துக் கை வலித்ததுதான் மிச்சம். அப்புறம் ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; இது ஏறினால் தைராய்டு சுரப்பு போதவில்லை என்று அர்த்தம்) 2.8-லிருந்து 9.4-க்கு ஏறியிருந்தது.

"தைராய்டு மாத்திரை போட்ட அரை மணியில் இதையுமா போடுறீங்க?" என்றார் டாக்டர். கரியின் நுண்துளைகளுக்கு நச்சு எது, மருந்து எது என்று தெரியாது. தைராய்டு மாத்திரை, கருத்தடை மாத்திரை எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வெளியே போய்விடும். வேடிக்கை என்னவென்றால், டப்பாவில் பெரிதாகப் போட்டிருந்த ஈயம் போன்ற உலோகங்கள் கரியில் சரியாக ஒட்டாது. மருத்துவமனையில் விஷம் குடித்தவர்களுக்குக் கரி கொடுப்பது உண்மைதான்; ஆனால் அது பெரியவர்களுக்கு 50 கிராம் அளவில், பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்துக்குள்.

ஈயம் போன்ற நச்சை எடுக்கக் கரிக்குப் பதில் பென்டோனைட் என்ற களிமண் நல்லது என்று எழுதிய நண்பருக்கு: 2016-ல் அப்படி ஒரு களிமண் பொடியில் ஈயம் இருந்ததால் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்தது. ஈயத்தை எடுக்க ஈயமா?

நிறுத்தி ஏழு வாரம் ஆகிறது. டிஎஸ்எச் 3.1. உப்புசத்துக்குக் காரணம் பால் என்று தெரிகிறது, தயிர் ஒத்துக்கொள்கிறது. தடிப்பு மட்டும் இன்னும் வந்து போகிறது. அடுத்த மாதம் தோல் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். மிச்ச கேப்ஸ்யூல்களைப் பிரித்துத் துணியில் கட்டி செருப்பு அலமாரியில் வைத்திருக்கிறேன், நாற்றம் குறைந்திருக்கிறது.