மாதவிலக்கு தள்ளிப்போகுது: அசோகப் பட்டையா, கழற்சிக்காயா?

தக்கலைத் தங்கச்சி:
வயசு 24. 45 நாள், 60 நாள் என்று தள்ளித்தான் வருது. ஸ்கேனில் பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி). தைராய்டு மாத்திரையும் உண்டு. வடசேரியில் அசோகப் பட்டை வாங்கி வச்சிருக்கேன். எப்படிக் காய்ச்சணும்? கழற்சிக்காயும் சேர்த்து எடுக்கலாமா?

கோட்டாறு அக்கா:
மக்களே, அசோகப் பட்டை பெரும்பாட்டுக்கு உள்ள மருந்து. அளவு மிஞ்சிப் போற ரத்தத்தைக் கட்டத்தான் அது. உனக்கு வரவேண்டியதே வரல்லியே, அதைக் குடிச்சு என்ன பிரயோஜனம்?

பட்டையிலும் கலப்படம் அதிகம். பள்ளிக்கூட மதிலோரம் நெட்டையா நிக்குமே, அது நெட்டிலிங்கம். அதன் பட்டையைத்தான் அசோகம்னு விக்கிறாங்க. நிஜ அசோகு ஆரஞ்சும் சிவப்புமா கொத்துக்கொத்தா பூக்கும். பொடியா வாங்கினா எது எதுன்னே தெரியாது. நாகர்கோவில் கோட்டாறு அரசு ஆயுர்வேதக் கல்லூரி ஆஸ்பத்திரியில் பட்டையைக் காட்டிக் கேளு.

பெரும்பாடு உள்ளவங்களுக்குப் பால் கஷாயம்: பட்டை 10 கிராம், பால் 80 மில்லி, தண்ணீர் 320 மில்லி. சிறு தீயில் 80 மில்லியா வத்தணும். இரும்புச் சட்டி வேண்டாம். பட்டையின் துவர்ப்பு இரும்பில் பட்டா கஷாயம் கறுத்துப்போகும்.

குலசேகரம்:
கழற்சிக்காய் ஓடு கல்லு மாதிரி. வெறும் சட்டியில் சூடாக்கித் தட்டினா உடையும். ஓட்டுச் சில்லு ஒன்றுகூட இல்லாமப் பொறுக்கி, பருப்பை லேசா வறுத்து மிளகோட பொடிப்பாங்க. வீட்டு வழக்கம் ஒரு பருப்புக்கு 4, 5 மிளகு. கசப்பு தாங்காமத் தேனை அள்ளி ஊத்தாதீங்க. கழற்சிப் பருப்பு ரத்தச் சர்க்கரையைக் குறைக்கக்கூடியது. மெட்பார்மின் (சர்க்கரை மாத்திரை) போடுறவங்க டாக்டரிடம் சொல்லாம எடுக்கவே கூடாது. கல்யாணம் ஆனவங்க முதல்ல கர்ப்பப் பரிசோதனை பண்ணணும். நாள் தள்ளினதுக்குக் காரணம் அதுவாவே இருக்கலாம்.

தைராய்டு மாத்திரை வெறும் வயித்தில், தண்ணீரில் மட்டும். கஷாயமோ பொடியோ ஒரு மணி நேரம் கழிச்சுத்தான். இரும்பு, கால்சியம் மாத்திரைன்னா 4 மணி நேர இடைவெளி.

குளச்சல்:
வீட்டில் தினமும் உளுந்தங்களி தருவாங்க. உளுந்து நல்லது, நல்லெண்ணெயும் சரி. ஆனா கருப்பட்டியும் இனிப்புதான். பிசிஓடியில் இன்சுலின் சரியா வேலை செய்யாதவங்க அதிகம். தினமும் கருப்பட்டி போட்டா எடை ஏறலாம், நாளும் இன்னும் தள்ளலாம். வாரம் ஒரு நாள் போதும்.

90 நாள் தாண்டியும் வரல்லன்னா எந்த மருந்துப்பொடிக்கும் காத்திருக்காதே. கர்ப்பப்பையின் உள்சவ்வு தடிச்சுக்கிட்டே போகும். டிஎஸ்எச் (தைராய்டு), புரோலாக்டின் (பால் சுரப்பு ஹார்மோன்) ரெண்டு ரத்தப் பரிசோதனையும் பார்த்துட்டு மகப்பேறு டாக்டரிடம் போ.