பொஸ்பேட் இறங்கிக்கொண்டே போகிறது, என்ன செய்கிறீர்கள்?

அதிதீவிர சிகிச்சைப் பிரிவுத் தாதியர்களே, மருத்துவர்களே, மட்டக்களப்பிலிருந்து ஒரு கேள்வி. எலிக்காய்ச்சலால் சிறுநீரகம் செயலிழந்த வயல்காரர் ஒருவருக்கு மூன்றாவது நாளாகத் தொடர் டயலிசிஸ் ஓடுகிறது. பொட்டாசியம் அடங்கிவிட்டது. இரத்தத்தில் பொஸ்பேட்தான் லீட்டருக்கு 0.4 மில்லிமோலுக்கு வந்து நிற்கிறது, 0.8 ஆவது இருக்க வேண்டும். டயலிசிஸ் கரைசலில் பொஸ்பேட் இல்லை, இயந்திரமோ இரவு பகலாகக் கழுவுகிறது, இறங்காமல் என்ன செய்யும்?

வென்டிலேட்டரைக் குறைத்தால், மூச்சை இழுக்கும்போது வயிறு உள்ளே போகிறது. பொஸ்பேட் குறைந்தால் தசைகள் தளரும்; மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானம் சோர்ந்துவிட்டது.

பொஸ்பேட்டைக் கரைசல் பையில் கலந்தால் கல்சியத்தோடு சேர்ந்து படிந்துவிடுமோ என்று பயம். இரத்த நாளம் வழியாக எந்த வேகத்தில் கொடுக்கிறீர்கள்? எத்தனை மணிக்கொரு முறை அளக்கிறீர்கள்? பொஸ்பேட் கலந்தே வரும் பைகள் அம்பாறை, கல்முனைப் பக்கம் கிடைக்கின்றனவா? இன்று இரவும் கடமையில்தான் இருக்கிறேன்.