9 மீற்றர் ஸ்பீக்கர் வயர்: எதை வாங்குவது?

கல்லடிவாசி

எல்லாருக்கும் வணக்கம். பாவித்த ஜப்பான் அம்ப் (அம்ப்ளிபயர்) ஒன்று கிடைத்திருக்கிறது, பக்கத்துக்கு 40 வாட். அதோடு 6 ஓம் ஸ்பீக்கர் பெட்டி இரண்டு. பிரச்சினை வயர்தான். இடது பெட்டி அம்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, 2 மீற்றர் போதும். வலது பெட்டிக்குப் போகிற வழியில் அறைக் கதவு. நிலையைச் சுற்றி ஏறி இறங்கினால் 9 மீற்றர் வருகிறது.

கொழும்புக் கடையொன்றில் வெள்ளி பூசிய வயர்தான் சரி என்கிறார்கள். விலையைக் கேட்டால் அம்பின் விலையில் பாதி. பக்கத்து வீட்டு மாமாவோ, "மாமாங்கத் திருவிழாவுக்கு ரோட்டு முழுக்க லவுட்ஸ்பீக்கர் கட்டுறாங்கள், மெல்லிசு வயர்தானே இழுக்கிறாங்கள், உனக்கு மட்டும் என்ன கூடுதலா வேணும்?" என்று கேட்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை.

இரண்டு பக்கமும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டுமா? இன்னொன்று, ரீவியை அம்பில் கொழுவினால் 'ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். வீடு கடலுக்குக் கூப்பிடு தூரம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆரையம்பதி சவுண்ட்

தம்பி, மாமா கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். நானும் அந்தத் தொழிலில் இருந்தவன்தான். ஆனால் திருவிழா ஹோர்னுக்குப் போவது 100 வோல்ற் லைன். ஒவ்வொரு ஹோர்னிலும் ஒரு சின்ன ட்ரான்ஸ்போமர் இருக்கும். 40 வாட்டை 100 வோல்ற்றில் அனுப்பினால் வயரில் ஓடுவது 0.4 அம்பியர்தான், அதனால் மெல்லிய வயர் தாங்கும். உங்கள் அம்ப் அதே 40 வாட்டை நேரே 6 ஓம் பெட்டிக்குக் கொடுக்கும்போது இரண்டரை அம்பியருக்கு மேல் ஓடும். அங்கேதான் வயரின் தடிப்பு கணக்கில் வருகிறது.

9 மீற்றர் என்றால் போக 9, வர 9, ஆக 18 மீற்றர் செம்பு. 0.75 சதுர மில்லிமீற்றர் வயரில் அதன் தடை 0.4 ஓம் அளவு. 1.5 எடுத்தால் 0.2, 2.5 எடுத்தால் 0.12. பெட்டியின் ஓமில் நூற்றுக்கு ஐந்துக்குள் வயரின் தடை நிற்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு, உங்களுக்கு அது 0.3 ஓம். 1.5 போதும், 2.5 எடுத்தால் பேச்சே இல்லை. வெள்ளி, தங்கம் எதுவும் வேண்டாம். மிஞ்சுகிற காசைப் பெட்டிக்குப் போடுங்கள், அது காதுக்குத் தெரியும்.

வீட்டு வயரிங்குக்கு இழுக்கிற 7/0.67 (0.67 மில்லிமீற்றர் இழை ஏழு) கூட 2.5 சதுர மில்லிமீற்றர்தான். சத்தத்தில் குறை வராது, ஆனால் விறைப்பான சாமான், கதவு மூலையில் வளைக்க உங்கள் விரல் நோகும். பல இழை உள்ள சிவப்பு கறுப்பு வயரே நல்லது.

நீளம் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. 2 மீற்றருக்கும் 9 மீற்றருக்கும் உள்ள வித்தியாசம் 2.5 வயரில் சத்தத்தின் அளவில் 0.15 டெசிபலும் வராது. 2 மீற்றர் போதுமான பக்கத்தில் மிச்ச 7 மீற்றரையும் சுருட்டிப் பெட்டிக்குப் பின்னால் வைக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன், காசைச் சுருட்டி வைத்த மாதிரி.

இனி முக்கியமான விஷயம். கடையில் ஒரு இழையைப் பிளேட்டால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது அலுமினியத்துக்குச் செம்பு பூசியது. கையில் தூக்கினாலும் எடை இருக்காது. ஒரே தடிப்பில் செம்பை விடத் தடை கூட. அதைவிடக் கல்லடிக் காற்றுக்கு அது சரிவராது. வெட்டிய முனையில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் அரித்து வெள்ளைத் தூளாகிவிடும்.

சாய்ந்தமருது ரசிகன்

கணக்கெல்லாம் சரி, ஆனால் காது என்று ஒன்றிருக்கிறதே! நான் விலை கூடின வயர்தான் போட்டிருக்கிறேன். பாட்டில் தபேலா முன்னைவிடத் தெளிவாக விழுகிறது. நாகூர் ஹனிபாவின் குரல் நடு ஹாலில் நிற்கிறது. எல்லாம் வீண் செலவு என்று ஒரேயடியாகச் சொல்லாதீர்கள்.

ஆரையம்பதி சவுண்ட்

நானா, உங்கள் காதில் எனக்குச் சந்தேகமில்லை. பழைய வயரைக் கழற்றும்போது முனை கறுத்துப் போயிருந்ததா? அப்படியென்றால் புது முனையே பாதி வேலையைச் செய்திருக்கும். ஒரு நாள் மகனை அம்புக்குப் பின்னால் நிறுத்தி, உங்களுக்குச் சொல்லாமல் வயரை மாற்றி மாற்றிக் கொழுவச் சொல்லுங்கள். சத்தத்தின் அளவை மட்டும் தொடக் கூடாது. அப்புறமும் எது எது என்று பிடித்துவிட்டால் நான் உங்கள் வீட்டுக்கே வந்து கேட்கிறேன்.

திருக்கோவில் டீச்சர்

இரைச்சலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. எங்கள் வீட்டிலும் இதே கதை. ரீவிக்குப் பின்னால் உள்ள டிஷ் வயரைக் கழற்றினவுடன் சத்தம் நின்றது, மறுபடி கொழுவ வந்தது. டிஷ் ஒரு வழியாலும் அம்ப் இன்னொரு வழியாலும் ஏர்த்துக்குப் போவதால் இரண்டுக்கும் நடுவில் 50 ஹேர்ட்ஸ் கரண்ட் சுற்றுகிறது என்று எலக்ரிசியன் தம்பி விளங்கப்படுத்தினார். முதலில் ரீவியையும் அம்பையும் ஒரே பிளக் பலகையில் கொழுவிப் பாருங்கள். எங்களுக்கு அதனால் பாதிதான் குறைந்தது. பிறகு ரீவியில் இருந்து ஒப்டிக்கல் வயர் எடுத்து, அதைச் சாதாரண ஓடியோவாக மாற்றும் சின்னப் பெட்டி ஒன்று போட்டோம். அந்த வயரில் ஓடுவது வெளிச்சம், கரண்ட் தாவ வழியில்லை. ஏர்த் பின்னைக் கழற்றினால் நிற்கும் என்று ஒருவர் சொல்வார். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். பிள்ளைகள் தொடுகிற சாமான்.

கல்லடிவாசி

காத்தான்குடிக்குப் போய் வந்தேன். முதல் கடையில் '2.5 சுத்தச் செம்பு' என்று தந்தார்கள். சுரண்டினால் பளிச்சென்று வெள்ளை. முதலாளி சிரித்துக்கொண்டே, "தம்பி பிளேட்டோட வாறவர்" என்று சொல்லி உள்ளேயிருந்து வேறு ரோல் எடுத்துப் போட்டார். பார்க்க ஒரே மாதிரி, தூக்கினால்தான் வித்தியாசம், நல்ல பாரம். சுரண்டினால் உள்ளேயும் சிவப்பு. 12 மீற்றர் எடுத்துக்கொண்டேன். முனைக்கு என்ன செய்வது? ஈயம் வைத்து ஒட்டட்டா?

ஆரையம்பதி சவுண்ட்

ஸ்க்ரூவில் இறுக்குவதென்றால் ஈயம் வேண்டாம், அழுத்தத்தில் நசிந்து நாளடைவில் தளரும். இழைகளை நன்றாக முறுக்கி, ஒரு இழைகூட வெளியே நீட்டாமல் நேரே இறுக்குங்கள். சிவப்பு இழையொன்று கறுப்பில் பட்டால் அம்ப் போய்விடும். வருடத்துக்கு ஒரு தடவை, மாரி முடிந்த பிறகு, அரை அங்குலம் வெட்டிப் புது முனை எடுங்கள். அதற்காக இரண்டு பக்கமும் கொஞ்சம் மிச்சம் விடுங்கள். படகுக்குப் போடுகிற வெள்ளீயம் பூசிய வயர் கிடைத்தால் இந்த வேலையும் குறையும்.

சிவப்பு சிவப்புக்கே போகிறதா என்று இரண்டு பெட்டியிலும் பாருங்கள். ஒன்று மாறியிருந்தால் பாஸ் (அடித்த சத்தம்) செத்துப்போகும், குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாது. பெட்டியில் சந்தேகம் வந்தால், அம்பில் இருந்து வயரைக் கழற்றிவிட்டு 1.5 வோல்ற் பற்றரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். பற்றரியின் பிளஸ் சிவப்பில் படும்போது இரண்டு பெட்டியிலும் கோன் (அதிருகிற கூம்பு) முன்னால் வர வேண்டும்.

ஒக்டோபரில் பின்னேர இடி தொடங்கினால் அம்பின் பிளக்கைக் கழற்றி வையுங்கள். டிஷ் வயரையும் சேர்த்து, மின்னல் அந்த வழியாலும் வரும்.