டிஎஸ்ஹெச் நார்மல்தான், ஆனால் எழுந்து நடக்க முடியவில்லை

தேனிக்காரி:
இரண்டாவது பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்கவே இல்லை, ஐந்து யூனிட் ஏற்றினார்கள். அப்புறம் பால் சுரக்கவில்லை, மாதவிலக்கும் திரும்பவில்லை. ஆறு வருடம் வீட்டில் எனக்கு ‘சோம்பேறி’ என்றுதான் பெயர். உள்ளூரில் இரண்டு முறை தைராய்டு பார்த்தார்கள். பார்த்தது டிஎஸ்ஹெச் என்கிற ஒரே ரத்தப் பரிசோதனை மட்டும். நார்மல், டானிக் குடிங்க என்று அனுப்பிவிட்டார்கள்.

மதுரையில் ஹார்மோன் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, “பிள்ளைக்குப் பால் குடுத்தீங்களாம்மா?” காலை எட்டு மணிக்கு கார்டிசால் (அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன்), ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்), டிஎஸ்ஹெச், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின், சினைப்பையைத் தூண்டும் எஃப்எஸ்ஹெச் எல்லாம் எடுத்தார். ஃப்ரீ டி4 தரைதட்டிக் கிடந்தது, டிஎஸ்ஹெச் அப்போதும் நார்மல். டிஎஸ்ஹெச் என்பது தைராய்டுக்கு, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி போடும் உத்தரவாம். தைராய்டு குறைந்தும் உத்தரவு ஏறவில்லை என்றால், கோளாறு உத்தரவு போடுகிற இடத்தில். கார்டிசால் வெறும் 2. ஷீஹன் சிண்ட்ரோம், அதாவது பிரசவ ரத்தப்போக்கில் பிட்யூட்டரி பழுதாவது என்றார்.

முதலில் கார்டிசாலுக்குப் பதிலான ஹைட்ரோகார்டிசோன், அது உடம்பில் நிலைப்பட்ட பிறகுதான் தைராய்டு மருந்தான தைராக்சின். வரிசையை மாற்றிக் கொடுத்தால், மிச்சமிருக்கும் கொஞ்சம் கார்டிசாலையும் தைராக்சின் வேகமாகச் செலவழித்து ஆளைச் சாய்த்துவிடுமாம்.

கடலோரத்தான்:
எனக்கு பிட்யூட்டரி கட்டி ஆபரேஷன். ஆறு மாதம் கழித்துக் காலை கார்டிசால் 9, இரண்டுங்கெட்டான் அளவு. அட்ரினலைத் தூண்டிப் பார்க்கும் சினாக்தென் 250 மைக்ரோகிராம் ஊசி போட்டு 30, 60 நிமிடங்களில் ரத்தம் எடுத்தார்கள். கார்டிசால் 18ஐத் தொட வேண்டுமாம், என்னுடையது 13. ஆபரேஷன் முடிந்த கையோடு இதை எடுத்தால் நம்ப முடியாது. பிட்யூட்டரியின் உத்தரவு நின்றாலும் அட்ரினல் அதற்குள் சுருங்கியிருக்காது, ஊசி போட்டதும் நன்றாகவே சுரந்து காட்டிவிடும்.

குட்டியம்மா:
பையன் குள்ளமாக இருக்கிறான் என்று நாங்களாகவே லேபில் வளர்ச்சி ஹார்மோன் பார்த்து, கிட்டத்தட்ட பூஜ்யம் வந்து அழுதுவிட்டேன். அது விட்டுவிட்டுச் சுரப்பது, பகலில் அப்படித்தான் இருக்குமாம். பிறகு அந்த ஹார்மோனைத் தூண்டும் குளோனிடின் மாத்திரை கொடுத்து அரைமணிக்கு ஒருமுறை ரத்தம் எடுத்தார்கள். தூங்கி வழிந்தான், பிபி இறங்கியது, இட்லி சாப்பிட்டுத் தெளிந்த பிறகுதான் விட்டார்கள். 10ஐத் தாண்டிவிட்டது, வளர்ச்சி ஹார்மோன் ஊசி வேண்டாம் என்றார்கள்.

தேனிக்காரி:
ஒன்று விட்டுப்போச்சு. போன வருடம் வேறொரு டாக்டர், டிஎஸ்ஹெச் குறைவு என்று தைராக்சினைப் பாதியாக்கப் பார்த்தார். எங்களுக்கு டோஸ் ஃப்ரீ டி4 பார்த்துத்தான் சார் என்று பழைய ஃபைலை நீட்டினேன்.