ஷேடோ எஞ்சினுக்கு பவுடர் கோட்டிங்காம்!

விட்வொர்த் ஸ்பேனர்:
வின்சென்ட் பிளாக் ஷேடோ, அந்தக் கால இங்கிலீஷ் பைக். அதைப் பத்தி இன்னொரு இழையில ஒரு பெரிய மனுஷர் சொல்லியிருக்கார்: "வின்சென்ட் பிளாக் ஷேடோ எஞ்சினுக்கு பவுடர் கோட்டிங் அடிச்சா போதும், ஒருத்தனுக்கும் வித்தியாசம் தெரியாது." கண்ணு உள்ளவனுக்குத் தெரியும் சார். ஸ்டீவனேஜ் ஃபேக்டரியில அந்த எஞ்சின் கேஸை, அதாவது வெளிக்கூட்டை, பைலுமின்ங்கிற அரிப்புத் தடுப்பு முறையில பதப்படுத்தி, மேல கறுப்பு எனாமல் அடிச்சு சூளையில சுட்டாங்க. மெல்லிசான படலம், வார்ப்போட விளிம்பு கூர்மையா நிக்கும். பவுடர்னா பெயின்ட் தூளைத் தூவி சூளையில உருக்கி ஒட்ட வைக்கறது, 60 முதல் 100 மைக்ரான் வரை ஏறும். விளிம்பெல்லாம் மழுங்கி, எஞ்சின் மெழுகுல முக்கி எடுத்த மாதிரி இருக்கும்.

சூளைக்காரன்:
அந்தப் பெரிய மனுஷர் நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாம், கோச்சுக்க மாட்டேன். ஃபேக்டரியும் சுட்டுச்சு, நானும் சுடறேன். 180-200 டிகிரி, 15 நிமிஷம். கல்லு தெறிச்சாலும் லேசுல உதிராது. வண்டி ஓட்டறதுக்கா, கண்ணாடிப் பெட்டியில வெச்சுக் கும்பிடறதுக்கா?

விட்வொர்த் ஸ்பேனர்:
ஓட்டறதுக்குத்தான் சொல்றேன். இந்த வண்டியில எஞ்சினைத் தாங்கற கீழ்ச் சட்டமே கிடையாது. ஆயில் டேங்காவும் இருக்கிற மேல் பெட்டிச் சட்டம் ரெண்டு சிலிண்டர் ஹெட்டுலயும் பிராக்கெட் வழியா போல்ட் ஆகுது. எஞ்சின்தான் சேஸி. அந்த நட்டு, வாஷருக்கு அடியில பவுடர் இருந்தா சூட்டுல இளகி நசுங்கும், இறுக்கம் போயிடும். அப்புறம் ஹெட் ஜாயின்ட்ல ஆயில் கசியுதுன்னு இங்கேயே வந்து கேப்பீங்க.

சூளைக்காரன்:
மாஸ்க்கிங்னு ஒண்ணு இருக்கே, கேள்விப்பட்டதில்லையா? ஓட்டைக்கு சிலிக்கான் அடைப்பான், ஜாயின்ட் முகத்துக்கு சூடு தாங்கற டேப்.

புஷ்ராட் பாண்டி:
ரெண்டு பேரும் நிறுத்துங்க. கோட்டிங்குக்கு முன்னாடி கேஸை எதால சுத்தம் பண்ணப் போறீங்க? கண்ணாடி மணி பிளாஸ்டிங் பண்ணினா மணி ஆயில் பாதைக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும், முதல் ஸ்டார்ட்லயே கனெக்டிங் ராடோட அடி பேரிங்கான பிக் எண்ட் ரோலருக்கு வந்து சேரும். காஸ்டிக் கலந்த ஸ்ட்ரிப்பர் போட்டா அலுமினியத்தையே தின்னுடும். தண்ணியோட அடிக்கிற வேப்பர் பிளாஸ்டிங் பரவாயில்லை, ஆனா அதுக்கப்புறமும் பாதையை அடைச்சிருக்கிற பிளக்கெல்லாம் கழட்டி ஒவ்வொரு பாதையா பிரஷ் விட்டுக் கழுவணும்.

விட்வொர்த் ஸ்பேனர்:
பாண்டி சொல்றது சரி, ஆனா பேச்சு அது இல்லை. வாஷருக்கு அடியில பவுடர். அதுக்கு பதில் வரலை. இன்னொண்ணு: சிலிண்டர் பேரலும் கறுப்புதானே? 200 டிகிரியில அதோட வெளி உறையான அலுமினிய மஃப் விரியும், உள்ள இறுக்கமா உக்காந்திருக்கிற வார்ப்பிரும்பு லைனர் தளரும். நகர்ந்துட்டா மறுபடி உக்கார வெச்சு போர் அளவு பார்க்கணும். கிராங்க்கேஸ்ல மெயின் பேரிங் வளையம், புஷ் எல்லாம் சூளைக்கு முன்னாடி கழட்டியாச்சா?

சூளைக்காரன்:
எனாமல் சுட்டா மட்டும் லைனர் நகராதா? அதே சூளை, அதே சூடு! அந்தக் கேள்வியை ஏன் ஃபேக்டரிகிட்ட கேக்கலை?

நாலு சிலிண்டர்:
கறுப்பு அடிச்சாதான் எஞ்சின் குளிரும்னு படிச்சிருக்கேனே? பாலிஷ் பண்ணின அலுமினியத்தோட வெப்பக் கதிர்வீச்சுத் திறன் 0.1க்கும் கீழ, கறுப்பு பெயின்ட்டுக்கு 0.9 பக்கம்.

புஷ்ராட் பாண்டி:
சிக்னல்ல நிக்கும்போது கொஞ்சம் உதவும். ஓடும்போது காத்துதான் சூட்டைக் கொண்டுபோகுது. கறுப்பு அடிச்சா வின்சென்ட்டோட சாதா மாடலான ரேப்பிட், ஷேடோ ஆயிடாது தம்பி. ரேப்பிட் 45 குதிரை, ஷேடோ 55. அமால் கார்புரேட்டர் 1 1/16 அங்குலத்திலிருந்து 1 1/8க்குப் போச்சு. ஷேடோ எஞ்சின் நம்பர் F10AB/1B-னு தொடங்கும், ரேப்பிட்ல கடைசி B இருக்காது. பின் சட்ட நம்பர்ல 1900 கழிச்சா எஞ்சின் நம்பர் வரணும். கழிச்சுப் பாக்காம காசு குடுத்தவன் நிறைய.

சூளைக்காரன்:
நம்பர் பாடம் யாரும் கேக்கலை பாண்டி. போன வருஷ மேக்னெட்டோ சண்டையிலயும் இப்படித்தான் நடுவுல பூந்தீங்க.

புஷ்ராட் பாண்டி:
அந்தச் சண்டையில யார் சொன்னது சரின்னு பழைய இழையைத் தூசி தட்டிப் பாருங்க.

விட்வொர்த் ஸ்பேனர்:
மேக்னெட்டோவை விடுங்கய்யா. மூணாவது தடவை கேக்கறேன்: வாஷருக்கு அடியில பவுடர் இருக்கா, இல்லையா? மாஸ்க் வாஷர் விட்டத்தைவிடச் சின்னதா இருந்தா ஓரத்துல பவுடர் மாட்டும், முழுசா உக்காராது. பெருசா இருந்தா வெள்ளையா அலுமினிய வளையம் தெரியும், அதை பிரஷ்ஷால தொட்டு மூடணும். எதைச் செஞ்சீங்க?

சூளைக்காரன்:
சரியான அளவுல செஞ்சேன்.

விட்வொர்த் ஸ்பேனர்:
மில்லிமீட்டர்ல சொல்லுங்க.

சூளைக்காரன்:
நீங்க விட்வொர்த் ஆள், உங்களுக்கு மில்லிமீட்டர் எதுக்கு?

விட்வொர்த் ஸ்பேனர்:
அங்குலத்துலயே சொல்லுங்க, காத்திருக்கேன்.