அச்சு முறுக்கு அச்சை விட்டு வரமாட்டேன் என்கிறது, யாராவது சொல்லுங்கள்

களியக்காவிளை, பாறசாலைப் பக்கத்து அக்காமார், சேச்சிமார் யாராவது இருக்கிறீர்களா? இந்த வருடம் கிறிஸ்துமஸ் பலகாரம் எல்லாம் வீட்டிலேயே என்று முடிவு. முந்திரிக்கொத்துக்குச் சிறுபயறு வறுத்துத் திரித்தாயிற்று, பாகு அம்மா பார்த்துக்கொள்வார்கள்.

தொல்லை அச்சு முறுக்கில்தான். புது இரும்பு அச்சு. கஞ்சித்தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போட்டு, எண்ணெயிலும் நன்றாகக் காயவைத்தேன். முக்கால் பாகம்தான் மாவில் முக்குகிறேன். ஆனாலும் பூ கழன்று விழவில்லை. ஈர்க்கிலால் தள்ளினால் இதழ் இதழாக உடைகிறது. பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, எள், இவ்வளவுதான். சர்க்கரை கூடினால் ஒட்டுமா? கொஞ்சம் மைதா சேர்க்கலாமா? (மைதா என்றாலே மாமியாருக்கு ஆகாது, அது வேறு கதை.)

அப்புறம் கேக். ஓவன் படுத்துவிட்டது, ரிப்பேர்காரர் ஜனவரியில்தான் வருவாராம். குக்கரில் கேஸ்கட், வெயிட் இரண்டையும் எடுத்துவிட்டு, அடியில் உப்பு பரப்பிச் சுடலாம் என்று தெரியும். பழக்கேக் கனமாயிற்றே, நடுவில் வேகுமா? ஒரு கிலோ கேக்குக்குத் தீ எப்படி, எவ்வளவு நேரம்?

குடிலும் மழையில் சாய்ந்து கிடக்கிறது, அதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். 24-ஆம் தேதி ராத்திரி ஆராதனைக்குப் போவதற்குள் பலகாரம் டப்பாவில் ஏறியாக வேண்டும். செய்து பார்த்தவர்கள் மட்டும் சொல்லுங்கள், யூடியூப் இணைப்பு வேண்டாம்.